தீர்ப்பில்லாப் போட்டி: நடனப் போட்டிப் படங்களின் கதைக்கட்டமைப்பு

தமிழ்த் திரைப்படத்தில் நடனப் போட்டி என்றவுடன் 1958-இல் வெளிவந்த வஞ்சிக்கோட்டை வாலிபன் நினைவுக்கு வருவது இயல்பு. எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய அப்படத்தின் முழுக்கதையையும் இன்று சொல்லக்கூடியவர் சிலரே. ஆனால் பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே நின்று ஆடிய காட்சியை அறியாத தமிழர் அரியர். அக்காட்சியைப் பற்றி இன்றளவும் எழுப்பப்படும் வினா ஒன்றே: வென்றவர் யார்? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வினா ஓயாமைக்குக் காரணம் பார்வையாளரின் கட்சிப்பற்று மட்டுமன்று. படம் விடை கூறவில்லை. ஆட்டம் உச்சத்தை எட்டும் நிலையில் முறிகிறது. வென்றவர் பெயர் அறிவிக்கப்படுவதில்லை.

இம்முறிவு தற்செயலானதன்று, நெடுங்காலம் தமிழ் நடனப் போட்டிக் கதையின் அடிப்படை இயல்பாகவே இருந்தது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. தொலைக்காட்சிக் காலத்துப் படங்களில் இவ்வியல்பு மாறியதையும், அம்மாற்றம் மொழிபெயர்ப்பாளர்க்குத் தரும் சிக்கலையும் இறுதிப் பகுதி நோக்குகிறது.

போட்டி என்னும் கதைக்கூறு

நடனப் போட்டியை ஒரு கதைக்கூறாகக் கொண்டால் அதன் உறுப்புகள் நான்கு: அறைகூவல், பணயம், ஆட்டம், தீர்ப்பு. ஒருவர் மற்றொருவரை அழைக்கிறார், தோற்பவர் இழப்பது இன்னது என்று குறிக்கப்படுகிறது, இருவரும் ஆடுகின்றனர், ஒருவர் வென்றதாகச் சொல்லப்படுகிறார்.

உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதை உருவவியலில், கதையின் நிகழ்ச்சிகளை 31 செயற்கூறுகளாகப் பகுத்தார். அந்நூல் ஆங்கிலத்தில் வந்த ஆண்டு 1958. வஞ்சிக்கோட்டை வாலிபன் வந்த ஆண்டும் அதுவே என்பது சுவையான ஒற்றுமை. பிராப்பின் வரிசையில் 16-ஆவது கூறு நாயகனும் எதிரியும் மோதுதல். போர் மட்டுமன்றிப் போட்டியிடுதலையும் அவர் இதன் வகைகளுள் ஒன்றாகவே வைத்தார். 17-ஆவது, நாயகன் உடலில் வடுவோ அடையாளமோ பெறுதல். 18-ஆவது, வெற்றி. கதை திருமணத்தில் அல்லது அரியணையில் முடிவது 31-ஆவது கூறு. மோதலும் வெற்றியும் இணைபிரியா இரட்டைகள் என்பது பிராப்பின் கருத்து. தமிழ் நடனப் போட்டிப் படங்களில் இவ்விரட்டை பிரிந்து நிற்கிறது. மோதல் உண்டு, அதற்கு ஈடான வெற்றி அங்கேயே வருவதில்லை.

தமிழ் மரபில் நடனப் போட்டிக்குத் தீர்ப்பே கிடையாது என்று இதனால் கொள்ளலாகாது. திருவாலங்காட்டுத் தலமரபு கூறும் போட்டி தெளிவான தீர்ப்புடையது. சிவனும் காளியும் ஆடுகின்றனர். விழுந்த குழையைச் சிவன் காலாலேயே எடுத்துச் செவியில் அணிகிறான். தலைக்கு மேல் காலைத் தூக்கும் அவ்வாட்டத்தை ஆட நாணிக் காளி தோல்வியை ஒப்புகிறாள். தில்லையில் காளியின் கோயில் ஊர் எல்லையில் இருப்பதற்கும் இத்தகைய கதையே காரணமாகக் கூறப்படுகிறது. இங்குப் பணயம் இடம்: வென்றவனுக்கு மன்று, தோற்றவளுக்கு எல்லை. தோல்விக்குக் காரணம் திறமைக் குறைவன்று, நாணம் என்பது குறிப்பிடத்தக்கது. பெண் ஒருத்தி ஆட இயலாத அசைவைக் கொண்டே போட்டி முடிக்கப்படுகிறது. திரைப்படம் இத்தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை.

வஞ்சிக்கோட்டை

படத்தின் நாயகன் ஜெமினி கணேசன். அவனை விரும்புவோர் இருவர்: இளவரசி பத்மாவாகப் பத்மினி, தீவொன்றின் அரசி மந்தாகினியாக வைஜயந்திமாலா. நடன அமைப்பு ஹீராலால்; இசை சி. ராம்சந்திரா; பாடலாசிரியர் கொத்தமங்கலம் சுப்பு. பத்மினிக்காகப் பி. லீலாவும் வைஜயந்திமாலாவுக்காக ஜிக்கியும் பாடினர்.

பாடலின் மொழியமைப்புத் தனியே நோக்கத்தக்கது. தொடக்கத்தில் இளவரசி தன் காதலைப் பாடுகிறாள். அது எவரையும் எதிர்நோக்காத கூற்று. மற்றவள் நுழைந்தபின் கூற்றின் திசை மாறுகிறது. காதலனை நினைந்த பேச்சு எதிரில் நிற்பவளை நோக்கிய பேச்சாகிறது. 'அடி' என்னும் விளி வருகிறது. தோழியை அழைக்கவும் எதிரியை இகழவும் தமிழ்ப் பெண்டிர் பேச்சில் ஒருங்கே பயிலும் விளி அது. அரசியும் இளவரசியும் அவ்விளியால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும்போது அரண்மனைத் தோரணை கலைந்து தெருச் சண்டையின் உயிர்ப்பு வந்துவிடுகிறது. ஆட்டம் முடுகும்போது சொற்கள் குறைந்து தாளமும் காலும் எஞ்சுகின்றன. அறைகூவல் மொழியால் நிகழ்கிறது. ஆட்டம் மொழியைக் கடக்கிறது.

தீர்ப்புக் கூற வேண்டிய இடத்தில் அமர்ந்திருப்பவர் பி. எஸ். வீரப்பா. கதையின் வில்லன் அவர். இடையே அவர் உரக்கக் கூறும் பாராட்டு தமிழில் வழக்குத் தொடராகவே நிலைபெற்றுவிட்டது. தேர்தல் முதல் கிரிக்கெட் வரை இருவர் சமமாக மோதும் இடமெல்லாம் அது வருகிறது. படம் பாராதவரும் அதைச் சொல்கின்றனர். அத்தொடரின் இரு முதன்மைச் சொற்களும் ஆராயத்தக்கவை. 'சபாஷ்' பாரசீகச் சொல். மகிழ்ந்திரு என்பது அதன் மூலப்பொருள். தமிழில் அது மெச்சும் சொல்லாக மட்டும் நின்றது. 'போட்டி'க்குத் தெலுங்கில் 'போட்டீ' என்றும் கன்னடத்தில் 'பைபோட்டி' என்றும் ஒத்த சொற்கள் உண்டு. பொருளளவில் இத்தொடர் தீர்ப்பன்று என்பதே முக்கியம். அது போட்டியைப் பாராட்டுகிறது. போட்டியாளர் எவரையும் பாராட்டவில்லை. நடுவர் இருக்கையில் இருப்பவனே தீர்ப்பைத் தவிர்த்துச் சுவைஞனாகிவிடுகிறான். தமிழர் நினைவில் நின்றதும் அந்தத் தவிர்ப்பே.

தீர்ப்பு ஏன் தவிர்க்கப்பட்டது? புகழ்மிக்க நடிகையர் இருவரில் ஒருவரைத் தோற்கச் செய்தல் வணிகத்துக்கு ஒவ்வாது என்பது எளிய விடை. அதில் உண்மை உண்டு. அதுவும் இப்படம் ராஜ் திலக் என்னும் பெயரில் அதே ஆண்டில் இந்தியிலும் வந்தது. அங்கே வீரப்பாவின் இடத்தில் பிராண். பாடியவர்கள் ஆஷா போஸ்லேயும் சுதா மல்ஹோத்ராவும். இரு மொழிச் சந்தைகளிலும் இரு நடிகையர்க்கும் மதிப்பு இருந்தது. எனினும் வணிகக் காரணம் மட்டும் போதாது. போட்டியின் பணயத்தை நோக்கினால் வேறொரு விடை கிடைக்கிறது. இங்கே பணயம் கலையன்று; ஓர் ஆடவன். நாயகன் யாருக்கு உரியவன் என்பதை ஆட்டம் தீர்மானிக்கவில்லை. கதை முன்பே தீர்மானித்துவிட்டது. மந்தாகினி சிறப்பாக ஆடியதாகத் தீர்ப்பு வந்தாலும் பத்மாவே அவனை அடைவாள். அத்தகைய நிலையில் மேடைத் தீர்ப்புத் தேவையற்றது மட்டுமன்று, இடையூறும் ஆகும். பிராப்பின் 18-ஆவது கூறு 31-ஆவது கூறுக்குள் கரைந்துவிடுகிறது.

மோகனாம்பாள்

வஞ்சிக்கோட்டைப் பாடலை எழுதிய அதே கொத்தமங்கலம் சுப்பு, 1950-களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் கலைமணி என்னும் புனைபெயரில் தில்லானா மோகனாம்பாள் தொடரை எழுதினார் என்பது இலக்கிய வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. கோபுலுவின் ஓவியங்களோடு வந்த அத்தொடரை ஏ. பி. நாகராஜன் 1968-இல் படமாக்கினார். ஒருவருடைய மனத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு போட்டிகள் உருவாயின. ஒன்று அரண்மனையில் இரு பெண்டிர் ஆடுவது. மற்றொன்று ஊர்நடுவே நாகசுரமும் நாட்டியமும் மோதுவது. இரண்டாவதே ஆழமானது.

சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் மோகனாவாகப் பத்மினியும் நடித்தனர். திரையில் ஒலித்த நாகசுரம் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது, இசை கே. வி. மகாதேவன். போட்டி இங்கே இரு கலைகளுக்கிடையே நிகழ்வதால் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது. வாசிப்பவன் ஆடமாட்டான், ஆடுபவள் வாசிக்கமாட்டாள். எனவே அவன் வாசிக்கும் தில்லானாவுக்கு அவள் ஆட வேண்டும் என்பதே போட்டியின் வடிவம். தில்லானாவில் பொருளுடைய சொற்கள் மிகக் குறைவு. பெரும்பகுதி பொருளற்ற சொற்கட்டு. இருவரும் மோதிக்கொள்வதற்குச் சுப்பு தேர்ந்த களம் மொழியில்லாத இடம். மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் பணியே இல்லை என்று நகைப்பதற்கும் இடமுண்டு.

இப்போட்டியின் முடிவு வியப்புக்குரியது. நடுவர் எவரும் எழுந்து தீர்ப்புக் கூறுவதில்லை. எதிராளியே அவளுக்குத் தில்லானா மோகனாம்பாள் என்னும் பட்டத்தை அளிக்கிறான். அவன் தோற்றான் என்று யாரும் கருதுவதில்லை. கொடுப்பவனின் பெருமை அவனைக் காக்கிறது. அந்த மேடையிலேயே பொறாமை கொண்ட ஒருவன் எறிந்த கத்தி அவன் கையைத் தைக்கிறது. பிராப்பின் வரிசையில் மோதலை அடுத்து வருவது நாயகன் உடலில் வடு ஏற்படுதல் என்பது மேலே சொல்லப்பட்டது. தமிழ்க் கிராமத்துக் கலைஞர் கதையும் உருசிய மந்திரக் கதையும் இங்கே ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆனால் பட்டம் பெற்றவள் ஒருத்தி; வடுப் பெற்றவன் மற்றொருவன். ஒரே நாயகனுக்கு உரியவற்றைக் கதை இருவருக்கும் பகிர்ந்தளிக்கிறது. அதன்பின் அவன் வாசிக்க அவள் ஆடும் காட்சியில் போட்டியே இல்லை. கண்ணதாசன் எழுதிய பாடல் வழியாக அவள் அவனுடைய உடல்நலத்தை வினவுகிறாள். சபை பார்த்திருக்க, சபைக்குப் புரிந்தும் புரியாமலும் நடக்கும் அவ்வுரையாடலே இப்படத்தின் தனிச் சிறப்பு.

மோகனாவின் தாய், மகள் செல்வர் ஒருவரது ஆதரவில் வாழ வேண்டும் என்று விரும்புகிறாள். மகள் நாகசுரக்காரனை மணக்க விரும்புகிறாள். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1947-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப்பின் வந்த இப்படத்தில், ஆடும் குடும்பத்துப் பெண் மணவாழ்வு பெறுவாளா என்பதே உண்மையான வழக்கு. அதற்கான தீர்ப்பை ஆட்டக்களம் வழங்க இயலாது. அவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் செல்வர் வீட்டு அழைப்புகள் பெருகுமே தவிரக் குறையா. திறமை நிறுவப்பட்ட பிறகே அவளது துன்பங்கள் மிகுகின்றன. பட்டம் படத்தின் இடையிலேயே வந்துவிடுவதும், மணம் இறுதிவரை தள்ளிப்போவதும் இதனால்தான். போட்டியைக் கதையின் உச்சத்தில் வையாமல் நடுவில் வைத்தது கட்டமைப்பில் நேர்ந்த பிழையன்று. கதையின் பொருளே அது.

நாகராஜன் இதற்கு மூன்றாண்டு முன்பு எடுத்த திருவிளையாடலிலும் (1965) போட்டி உண்டு. அது நடைபெறுவதே இல்லை. பாணபத்திரரோடு பாடவேண்டிய ஹேமநாத பாகவதர், விறகு விற்பவனாக வந்த இறைவனின் பாட்டைக் கேட்டு இரவோடு இரவாக ஊரை விட்டகல்கிறார். கங்கை அமரனின் கரகாட்டக்காரனில் (1989) இரு கரகக் குழுக்களின் கதை தீமிதியில் முடிகிறது. முடிவு ஊராரிடமிருந்து அம்மனிடம் போய்விடுகிறது. தீர்ப்பு நழுவும் வழிகள் பல. நழுவுவது மட்டும் மாறவில்லை.

மனிதத் தீர்ப்பின் மீதான ஐயம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் படமான சாட்டர்டே நைட் ஃபீவரில் (1977) நாயகன் பரிசைப் பெற்றதும், தம்மைவிட நன்றாக ஆடிய பிற இனத்து இணையரிடம் அதைக் கொடுத்துவிடுகிறான். ஆஸ்திரேலியாவின் ஸ்டிரிக்ட்லி பால்ரூமில் (1992) நடுவர் தகுதிநீக்கம் செய்து இசையை நிறுத்த, கூட்டத்தின் கைத்தாளத்துக்கு இருவரும் ஆடுகின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு. அவற்றில் தீர்ப்பு வழங்கப்பட்டு மறுக்கப்படுகிறது. தமிழில் வழங்கப்படுவதே இல்லை.

மைசூரிலிருந்து

இவ்வரலாற்றின் பல இழைகள் மைசூரோடு பிணைந்தவை. தஞ்சை நால்வருள் மூத்தவரான சின்னையா மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் இருந்தார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை வகுத்த பெருமை அந்நால்வர்க்கு உரியது. அரண்மனை சார்ந்த மைசூர் மரபு ஜட்டி தாயம்மா (1857–1947), அவர் மாணவி கே. வேங்கடலட்சம்மா (1906–2002) ஆகியோர் வழியே தொடர்ந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலாவின் குடும்பம் மண்டயம் ஐயங்கார் மரபினது. மைசூர்ப் பகுதியில் பல தலைமுறையாக வாழ்ந்து, கன்னடம் கலந்த தமிழை வீட்டில் பேணிய சமூகம் அது. அவருடைய தாய் வசுந்தரா தேவி, ஜெமினியின் மங்கம்மா சபதத்தில் (1943) நாயகி.

மைசூரின் மண்டி மொஹல்லா என்னும் பெயரும் இங்கு நினைக்கத்தக்கது. அதன் இரு சொற்களும் வடக்கிலிருந்து வந்தவை. முன்னது சந்தை, பின்னது குடியிருப்புப் பகுதி. அரிசி மண்டி, வெங்காய மண்டி என்று தமிழிலும் அம்மண்டி வழங்குகிறது. நாட்டியம் பயில்வோர் வாயில் வழங்கும் அரைமண்டி, முழுமண்டி வேறு. அது மண்டியிடுதலின் மண்டி. கன்னடத்தில் மண்டி என்றாலே முழங்கால். ஒலியால் ஒன்றி வேரால் வேறுபட்ட இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவர். சந்தையும் முழங்காலும் ஒருசேர ஆளும் படவகை ஒன்று பின்னர் உருவாயிற்று என்பது வேறு செய்தி.

அவ்வகையின் முதன்மை நடிகரும் மைசூரில் பிறந்தவரே. மைசூர் மாவட்டத்து மூகூரைச் சார்ந்த நடன ஆசிரியர் மூகூர் சுந்தரின் மகனான பிரபுதேவா 1973-இல் மைசூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தார். ரெமோ டிசோசா இயக்கிய இந்திப் படம் ஏபிசிடி (2013), ஏ. எல். விஜய் இயக்கிய தமிழ்ப் படம் லட்சுமி (2018) ஆகிய இரண்டிலும் அவர் ஆசான். இரண்டுமே முழுமையான நடனப் போட்டிப் படங்கள். போட்டி ஒரு காட்சியாக வராமல் கதை முழுவதையும் தாங்குகிறது.

இவற்றுக்கு முன்னோடி தொலைக்காட்சி. 2006-இல் விஜய் தொலைக்காட்சியின் ஜோடி நம்பர் ஒன், அடுத்த ஆண்டு கலைஞர் தொலைக்காட்சியின் மானாட மயிலாட ஆகியவை தமிழ் வீடுகளில் நடுவர் என்னும் பாத்திரத்தை நிலைபெறச் செய்தன. சுற்று, மதிப்பெண், வெளியேற்றம் என்னும் சொற்கள் நடனத்தோடு இணைந்தன. வீரப்பா தவிர்த்த பணி ஒரு தொழிலாயிற்று. ஏபிசிடியில் போட்டி தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவே வருகிறது. நடுவர் தீர்ப்பில் சூது இருப்பதை அறிந்து ஆசான் நிறுவனத்தை விட்டு விலகுகிறான். சேரி இளைஞரைக் கூட்டுகிறான். அவர்களுடைய நடன அமைப்பை எதிர்த்தரப்பார் திருடிவிட, இறுதிச் சுற்றில் புதிதாக ஆடி வெல்கின்றனர். தீர்ப்பு ஊழலுடையது என்று தொடங்கிய கதை அதே தீர்ப்பின் வாயிலாகவே மனநிறைவடைகிறது. பணயம் இப்போது திருமணமன்று, மேடையே. மேடை பணயமானபின் தீர்ப்பைத் தள்ளிப்போட இடமில்லை. லட்சுமியில் தாய் மகளின் நடனத்தை எதிர்க்கிறாள்; பயிற்சி தருபவனே தந்தை என்பது பின்னர் வெளிப்படுகிறது. தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பூசலே அங்குச் சுவையானது. சுற்றுகள் அதை அடிக்கடி குறுக்கிடுகின்றன. மோகனாவின் தாய் அரை நூற்றாண்டுக்குப்பின் வேறு உருவில் திரும்பி வந்தாள். ஆனால் அவளை முழுமையாகக் கேட்கக் கதைக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏபிசிடியின் தமிழ் ஒலிமாற்றுப் பெயர் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க ஒன்று. ஆங்கிலப் பெயரின் பொருள் எவரும் ஆடலாம் என்பது. தமிழில் அது 'ஆடலாம் பாய்ஸ் சின்னதா டான்ஸ்' ஆயிற்று. நான்கு முதலெழுத்துகளைக் காப்பதற்காக இரு தமிழ்ச் சொற்களும் இரு ஆங்கிலச் சொற்களும் வரிசையாக்கப்பட்டன. 'ஆடலாம்' என்னும் முதற்சொல் உண்மையில் நல்ல தேர்வு. தமிழின் 'லாம்' ஈறு இயலும் என்பதையும், தடையில்லை என்பதையும், வாருங்கள் சேர்ந்து செய்வோம் என்பதையும் ஒருங்கே குறிக்கும். தனித்து நின்றிருந்தால் அது மூலத்தின் பொருளை விரிவாகவே சுமந்திருக்கும். 'பாய்ஸ்' என்னும் விளி அருகில் வந்ததும் முதலிரு பொருள்களும் அடங்கி, மூன்றாவதாகிய அழைப்பு மட்டும் எஞ்சுகிறது; எவரும் என்பது ஆடவர் என்று சுருங்குகிறது. குழுவின் முதன்மை ஆட்டக்காரருள் ஒருவர் பெண் என்பதைப் பெயர் மறந்துவிடுகிறது. 'சின்னதா' என்பது மூலத்தில் எங்கும் இல்லாத அடக்கம். உயிரைக் கொடுத்து ஆடுவோரின் கதைக்கு அது பொருந்தவில்லை. முதலெழுத்தைக் கைவிட்டு 'ஆடலாம்' என்று மட்டும் வைத்திருந்தால் யார் ஆடலாம் என்ற வினாவைப் பெயர் திறந்தே வைத்திருக்கும்.